பூ என்று ஒரு கட்டம்

போன வாரம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் பாத்திரங்களை ஊறப்போட்டு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. பேசியது திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு நடமாடும் மருத்துவ வண்டியில் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ். கெட்டிக்காரப் பெண். எதையும் சந்தேகம் கேட்காமல் விடமாட்டாள்.

"சிஸ்டர், உங்க பழைய ரிஜிஸ்டரை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டிருக்கோம். பேரு, வயசு, பிரஷர், சுகர், மாத்திரை எல்லாம் புரியுது. கடைசியில 'பூ'ன்னு ஒரு கட்டம் போட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒருத்தருக்கு மட்டும் டிக் அடிச்சிருக்கீங்க. அது என்ன டெஸ்ட் சிஸ்டர்?"

"டெஸ்ட் இல்லம்மா. மல்லிகைப் பூ" என்றேன்.

"ரெண்டு நாளா மூணு பேர் உட்கார்ந்து நெட்ல தேடினோம் சிஸ்டர்" என்றாள். அவர்களுடைய புது ப்ரோக்ராமில் அப்படி ஒரு கட்டத்துக்கு இடம் இல்லையாம். விட்டுவிடலாமா என்று கேட்டாள். அவசரப்படாதே, எழுதித் தருகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சொன்னேன். அதுதான் இது.

என் பெயர் மெஹருன்னிசா. பிறந்தது தென்னூர், வாழ்க்கைப்பட்டதும் தென்னூர். புகுந்த வீட்டுக்குப் போக எனக்கு ஆட்டோ கூடத் தேவைப்படவில்லை. நர்சிங் படித்த கதையில் சொல்ல அதிகம் இல்லை. அத்தாவுக்கு இஷ்டமில்லை, அம்மாவுக்கு இஷ்டம், அம்மா ஜெயித்தார்கள். மூன்று வருடம் படிப்பு. அதன் பிறகு திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் வார்டு டியூட்டி. நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து முட்டி தேய்ந்த சமயத்தில், ஸ்ரீரங்கத்தில் ஒரு அறக்கட்டளை மருத்துவ வண்டி வாங்கியிருக்கிறார்கள், நர்ஸ் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காலையில் ஏழு மணிக்கு வண்டி கிளம்பும், சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பிவிடும் என்றார்கள். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். பிரிவுபசாரக் கூட்டத்தில் என் கிராம சேவையையும் தொண்டுள்ளத்தையும் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டேன். நாலு மணிக்கு வீட்டுக்கு வரலாம் என்பதற்காகச் சேர்ந்தவள் நான்.

வண்டியில் மூன்று பேர். டிரைவர் செல்வராஜ், நான், டாக்டர் வேதவல்லி. செல்வராஜ் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிற ஆள் இல்லை. மடக்கு மேஜையைப் போட்டு, குடையை விரித்து, ரிஜிஸ்டரையும் அவரே எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் மூன்று பேரில் படிக்கும்படி எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வேதவல்லி மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். பெருமாளைச் சேவிக்காமல் வண்டி ஏற மாட்டார். நோயாளிகளிடம் எல்லாரையும் போலத்தான் பேசுவார். எங்களோடு இருக்கும்போது மட்டும் வீட்டுப் பேச்சு எட்டிப் பார்க்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரையும் எதிரில் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க மாட்டார். முதலில் ஒரு குட்டை ஸ்டூலில் தான் உட்கார்ந்துகொண்டு, நோயாளியின் காலைப் பார்ப்பார். ஜலதோஷம் என்று வந்தாலும் கால்தான் முதலில். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பார். காலைத் தொட விடமாட்டேன் என்று கூச்சப்பட்டவர்களிடம், "நான் டாக்டர், எனக்குக் காலும் ஒண்ணுதான், கையும் ஒண்ணுதான்" என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்து திரும்பும்போது வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும், "இன்னிக்கு எதைக் கோட்டை விட்டோம்?" என்று கேட்பார். மூன்று பேரும், மேடம் உட்பட, பாலம் முடிவதற்குள் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரஷர் இரண்டாம் தடவை பார்க்கவில்லை, ஒரு பாட்டிக்கு மாத்திரையை மாற்றிச் சொல்லிவிட்டேன், இப்படி. சொன்னதற்குத் திட்டு கிடையாது. அடுத்த தடவை அதே தப்பைச் சொன்னால் மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். திட்டே தேவலை என்று தோன்றும். கொள்ளிடம் பாலம் இவ்வளவு நீளம் என்பது அந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி வேலை. ஒவ்வொரு ஊருக்கும் மாதம் ஒரு முறை. சர்க்கரை நோய்க்காரர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். ரத்தம் எடுக்க நடுவிரலைத் தொட மாட்டேன். மோதிர விரலின் ஓரத்தில்தான். நுனியில் குத்தினால் மறுநாள் களை பிடுங்கும்போதும் வலிக்கும். விரலை அடியிலிருந்து நீவிவிட்டு, குத்தி, முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டாவது சொட்டைத்தான் ஸ்ட்ரிப்பில் வைப்பேன். எண் வந்ததும் செல்வராஜ் எழுதுவதற்காகச் சத்தமாகச் சொல்வேன். அதோடு வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிடும். அது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மாத்திரைக் கவரில் எழுத்துக்குப் பதிலாகப் படம் போடுவேன். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. என் சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் இருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

பூ வந்த விதம் இதுதான். தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் எனக்கென்று ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவேன். ஒரு நாள் எல்லாருக்கும் சர்க்கரை இருநூறு, முந்நூறு என்று ஏறிக் கிடந்தது. எரிச்சலில் இருந்தேன். கடைசியில் ஒரு அம்மாவுக்கு நூற்றுப் பத்து வந்தது. சந்தோஷத்தில் தலையிலிருந்த பூவைக் கழற்றி, "இந்தாங்க, இது உங்களுக்கு" என்று கொடுத்துவிட்டேன். வரிசையே கைதட்டியது. அடுத்த மாதம் அந்த ஊரில் கூட்டம் இரண்டு பங்கு. பெண்கள், "இன்னிக்குப் பூ யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். விடுவேனா? எல்லா ஊரிலும் அதை வழக்கமாக்கினேன். அன்றைக்குக் குறைந்த சர்க்கரை யாருக்கோ அவருக்கு ஒரு முழம் பூ, ரிஜிஸ்டரில் ஒரு டிக். ஆண்களுக்கு வெறும் கைதட்டல்தான். அதற்கே மீசையை நீவிக்கொண்டு போவார்கள்.

மேடம் பாலத்தில் ஒரு முறை மட்டும் சொன்னார்: "மெஹர், பூ குடுக்கறது நன்னாத்தான் இருக்கு. ஆனா கம்மி நம்பருக்குக் குடுக்கறோமா, நல்ல உடம்புக்குக் குடுக்கறோமான்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். நல்ல காரியத்தில் நொட்டை சொல்கிறாரே என்றுகூட மனதுக்குள் முணுமுணுத்தேன்.

லால்குடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கொள்ளிடக் கரையோரம், வாழைத் தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கேதான் மருதாயி இருந்தார். ஐம்பது வயது இருக்கும். வாழைத் தோப்பில் கூலி வேலை. சருகு அறுப்பது, தார் சுமப்பது. ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். வண்டி வந்து நிற்பதற்கு முன்பே முதல் ஆளாக நிற்பார். நூற்றி நாலு, நூற்றி எட்டு, தொண்ணூற்று ஒன்பது என்று அவருக்கு எப்போதும் தங்கமான எண். அந்த ஊரில் ஏழு மாதம் தொடர்ந்து பூ மருதாயிக்குத்தான். "மருதாயி அக்காவைப் பாருங்க. அவங்களால முடியுது, உங்களால ஏன் முடியல?" என்று மற்றவர்களை நான் வாட்டி எடுப்பேன். மருதாயி பூவை வாங்கி இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொள்வார். தலையில் வைத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை.

ஆனால் மருதாயியின் இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண் இருந்தது. வாழைச் சருகு குத்தியதாகச் சொன்னார். முதல் மாதம் ஒரு பட்டாணி அளவு. நாங்கள் கட்டுப் போட்டோம், மருந்து கொடுத்தோம். மூன்றாவது மாதம் அது ஒரு ரூபாய் அளவுக்கு விரிந்து, ஓரம் வெளுத்துக் கிடந்தது. அன்று பாலத்தில் மேடம், கோட்டை விட்டதைக் கேட்பதற்கு முன்பே இதைத்தான் பேசினார்.

"நம்பர் நன்னாருக்கு. கால் நன்னாயில்லையே. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய் சொல்றது மெஹர். கால் பொய் சொல்லாது. அந்த மூணு மாச சராசரி சொல்ற டெஸ்ட் இருக்கோன்னோ, அதுக்கு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புங்கோ. இப்படியே போனா விரல் போயிடும். விரலோட நின்னா நல்லது."

சரி மேடம் என்றேன். அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்த டெஸ்டுக்கு மாதம் பத்து பேருக்கு மேல் அனுப்ப எங்களுக்கு அனுமதி கிடையாது. முந்நூறு, நானூறு என்று இருப்பவர்களை விட்டுவிட்டு, என் முதல் மாணவிக்கு எதற்கு? அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அதற்கு அடுத்த மாதமும் தள்ளினேன்.

அந்த நாள் வந்தது. டோல்கேட் தாண்டியதும் வண்டியில் பங்ச்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. எட்டு மணிக்குப் போக வேண்டிய நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. நாற்பது பேர் வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். மருதாயி முதல் ஆளாக இல்லை. தேடினேன். ஓரமாக நின்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். செல்வராஜ் மேஜையை விரிக்கப் போனதும் அவரையும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, உனக்கெல்லாம் நேரம் காலம் கிடையாதா? எத்தன நாழி நிக்கிறது? பெரிய இவனா நீ?"

மருதாயி ஒரு நாளும் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. வெயிலும் பசியும் கோபமும் என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடம் வார்டில் இருந்தவள் நான், அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். "அக்கா, கோவப்படாதீங்க, நிழல்ல போய் உட்காருங்க, முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்" என்று அனுப்பிவைத்தேன். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறப்பதற்குள் பின்னால் பெண்கள் கத்தினார்கள். மருதாயி பக்கவாட்டில் சரிந்து கிடந்தார்.

மேடம் ஓடி வந்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் ஓட மாட்டார். வேகமாக நடந்து வந்தார். நாடியைப் பிடித்தபடியே, "மெஹர், முதல்ல சுகர் பாருங்கோ" என்றார். மீட்டரில் முப்பத்து நாலு. அத்தனை கீழான எண்ணை அதுவரை அந்த மீட்டரில் நான் பார்த்ததில்லை. வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குப் போய்விடும். குளுகோஸை நரம்பில்தான் ஏற்ற வேண்டும். பட்டினியில் நரம்பு சுருங்கிக் கிடந்தது. முதல் ஊசி நழுவியது. மேடம் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவசரமே இல்லை. மணிக்கட்டுக்கு மேல ஒண்ணு இருக்கு பாருங்கோ, கட்டை விரல்ல நீவிப் பாருங்கோ" என்றார், ஏதோ ஊசியில் நூல் கோக்கச் சொல்வதைப் போல. இரண்டாவது ஊசி நின்றது. குளுகோஸை மெதுவாக ஏற்றினோம்.

இரண்டு மூன்று நிமிடத்தில் மருதாயி கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். என் முகம் கண்ணில் பட்டதும் முதலில் கேட்டது இதுதான்:

"நம்பர் எவ்வளவு சிஸ்டர்?"

"முப்பத்தி நாலுக்கா."

"அப்ப, நான்தானே மொதலு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று அப்போது முழுதாகப் புரியவில்லை. ஆனால் என்னமோ நான் செய்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

நாங்கள் கொடுத்துவந்த மாத்திரையால் சர்க்கரை இறங்கினால் ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மேடம் எழுந்து வரிசையைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போய் மொதல்ல சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில நாங்க வர்றோம், கட்டாயம் வர்றோம்" என்றார். ஒருவர்கூட முனகவில்லை. மருதாயியை எங்கள் வண்டியிலேயே ஏற்றினோம். அவருடைய மருமகளும் கூட ஏறிக்கொண்டாள்.

வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. மேடம் ஒரு கையில் குளுகோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி வரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மேடம், பாலம் வந்துடுச்சு. நான் சொல்லிடறேன். நீங்க ரத்தம் அனுப்பச் சொன்னீங்க. நான் அனுப்பல."

"தெரியும்" என்றார், திரும்பாமலேயே. "ஊசி நழுவாம புடிச்சுக்கோங்கோ."

மறுநாள் சொன்னபடி போனோம். முகாம் முடிந்ததும் மருதாயியின் மருமகள், "வீட்டுல வந்து ஒண்ணு பாருங்க சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். மேடமும் நானும் போனோம். மருதாயி படுக்கும் மூலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திறந்தால், நாங்கள் ஏழு மாதமாகக் கொடுத்த மாத்திரை அட்டைகள், பெரும்பாலும் பிரிக்காமல். என் சூரியன்கள் கவர் கவராகச் சிரித்துக்கொண்டிருந்தன. டப்பாவுக்கு மேலே சுவரில் ஒரு ஆணி. அதில் ஏழு முழம் மல்லிகை, பழுப்பேறிக் காய்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்கியது.

"வண்டி வர்றதுக்கு மூணு நாளு முன்னாடிலேர்ந்து சோறே திங்காது. வெறும் மோரு. மாத்திரைய மட்டும் ரெண்டு, மூணுன்னு போட்டுக்கும். முந்தாநாளு நாலு போட்டுச்சு. சொன்னா கேக்காது, நம்பர் வரணும்னு சொல்லும்" என்றாள் மருமகள்.

பெரியாஸ்பத்திரி வார்டில் மருதாயியைப் பார்க்கப் போனோம். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாத சராசரி பதினொன்றுக்கு மேல் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. அதாவது, மாதத்தில் மூன்று நாள் தவிர மீதி எல்லா நாளும் சர்க்கரை எகிறித்தான் கிடந்திருக்கிறது. கால் சொன்னதுதான் நிஜம். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மருதாயிக்கு விரலைப் பற்றிக் கவலை இல்லை. "தோப்புல ஈரத்துல நின்னுதான் வேலை. விரல எடுத்தா என்னைய வேலைக்குக் கூப்பிடுவாங்களா டாக்டரம்மா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏன் மாத்திரை போடவில்லை என்று மேடம் கேட்கவில்லை. வழக்கம்போல ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்தார். "வேலைக்குப் போற அன்னிக்கு மொத மொதல்ல எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு ஒரு வரக்காப்பி. அப்புறம் பதினோரு மணிக்குத் தோப்புலதான் சோறு."

"மாத்திரை எப்ப போடுவீங்க?"

"நர்சம்மா சூரியன் போட்டுருந்தாங்கல்ல. காலையிலன்னு அஞ்சு மணிக்குப் போட்டேன். எட்டு மணிக்குக் கண்ணு இருட்டிச்சு. தாரோட விழுந்தேன். ரெண்டு நாளு விழுந்தேன். மூணாம் நாளு, இனிமே விழுந்தா வராதன்னுட்டாரு மேஸ்திரி. விட்டுட்டேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

மருதாயி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "எங்க சொல்றது சிஸ்டர்? நீங்க அத்தன பேரு முன்னாடி மருதாயி மருதாயின்னு சொல்றீங்க. எம்புருசன் போயி ஒம்பது வருசமாச்சு. அதுக்கப்புறம் எனக்குன்னு யாரு பூ குடுத்தா? வக்கிறதுக்கு முடியாது, சரி. மூந்து பாத்துக்குவேன்."

ஒரு கைம்பெண்ணுக்கு, அவர் வைத்துக்கொள்ள முடியாத பூவை மாதாமாதம் கொடுத்து, அதற்காக அவரைப் பட்டினி போட்டிருக்கிறேன். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் அதுதான். அன்று வீட்டுக்குப் போய் மூன்று வேளை யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்காரர் எனக்கு ஜுரம் என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தார்.

அடுத்த வேலை நாளில் மாத்திரைக் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடம் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "நீங்க போடற சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கறது மெஹர்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து சூரியனை விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைய ஆரம்பித்தேன். தட்டைப் பார், அப்புறம் மாத்திரையைப் பார். சோறு இல்லையென்றால் மாத்திரையும் இல்லை. தட்டுக்குக் கண், மூக்கு வைக்கவில்லை.

வண்டியின் நேரத்தையும் மேடம் மாற்றினார். அறக்கட்டளைக்காரர்களிடம் இரண்டு கூட்டம் உட்கார்ந்து பேசினார். ஊர் நடுவில் எட்டு மணிக்கு நிற்பதை விட்டுவிட்டு, பதினோரு மணிக்குத் தோப்பு ஓரத்தில், சாப்பாட்டு வேளையில் வண்டி நின்றது. வெறும் வயிறு தேவையில்லை; சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரையும் சர்க்கரைதான். அதுவரை கூலியை விட்டு வர முடியாமல் ஒரு தடவைகூட வண்டியை எட்டிப் பார்க்காத பெண்கள், சோற்றுத் தூக்கோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். மருதாயிக்கு மாத்திரையையே மாற்றி, அடிக்கடி மயக்கம் வராத வேறொன்றைக் கொடுத்தார். அவருடைய கால் கட்டுக்காக வாரம் ஒரு முறை வேறு ஊருக்குப் போகும் வழியில் அங்கே பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினோம். எண்ணை நான் சத்தமாகச் சொல்வதை நிறுத்தினேன். சீட்டில் எழுதி செல்வராஜிடம் கொடுத்தேன்.

பூவை என்ன செய்வது? நிறுத்திவிடலாம் என்றேன். மேடம்தான், "குடுங்கோ. கம்மி நம்பருக்குக் குடுக்காதீங்கோ. நெஜத்தை மொதல்ல சொல்றவாளுக்குக் குடுங்கோ" என்றார்.

முதல் மாதம் வரிசையின் முன் நின்று அறிவித்தேன். மாத்திரை விட்ட நாளை, மயக்கம் வந்ததை, ஸ்வீட் சாப்பிட்டதை யார் முதலில் தானாகச் சொல்கிறார்களோ அவருக்குப் பூ. யாரும் வாயே திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வராஜ் அந்தப் பூவை வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். இரண்டாவது மாதமும் கண்ணாடிக்குத்தான் பூ.

மூன்றாவது மாதம் மருதாயி காலில் கட்டோடு, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். விரலை எடுக்கவில்லை; புண் சுருங்கத் தொடங்கியிருந்தது. வரிசையில் எட்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். நான் பூவை எடுத்து மேஜையில் வைத்ததுமே அந்தக் கணீர்க் குரல் வந்தது.

"சிஸ்டர், இந்த மாசம் ஆறு நாளு நான் மாத்திரை போடல. ரெண்டு நாளு மறந்துட்டேன். நாலு நாளு வேணும்னே போடல, பயமா இருந்துச்சு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து போய்ப் பூவை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிய கை இடுப்புக்குப் போனது, பழக்கத்தில். அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு மேலே போய்த் தலையில் வைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, "நழுவுதுக்கா" என்று சொல்லி மருதாயிக்குக் குத்திவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த ஊரில் யாராலும் வாயை மூட முடியவில்லை. நான் ரெண்டு நாள், நான் பத்து நாள், எனக்குக் கண் மங்கலா இருக்கு, எனக்கு ராத்திரியெல்லாம் கால் எரியுது என்று, இத்தனை மாதமாக எங்களிடம் சொல்லாததையெல்லாம் கொட்டினார்கள். மேடம் அன்று இரண்டு பேரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இதிலும் ஒரு கூத்து நடந்தது. ஒரு அம்மா எல்லா மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பூவுக்காகப் போடவில்லை என்று பொய் சொன்னார். அதைப் பாலத்தில் சொன்னதும், மேடம் சிரித்த சிரிப்பில் பாலம் முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

மருதாயியின் புண் முழுதாக ஆற இன்னும் ஐந்து மாதம் பிடித்தது. விரல் அதன் இடத்திலேயே இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி, பக்கங்களைப் போனில் படம் பிடித்து திவ்யாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. கட்டத்தைத் தூக்கிவிட்டார்கள், சொல்லத் தயங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே என்று வீட்டுக்காரரிடம் பொருமிக்கூடத் தீர்த்தேன்.

நேற்று மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. புது வண்டியின் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்திருந்தாள். கீழே, "இன்னிக்கு தோப்பு முகாம் சிஸ்டர்" என்று எழுதியிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்.

பெயர்: மருதாயி. சர்க்கரை: 212. கால்: புண் இல்லை. மாத்திரை விட்ட நாள்: 2. காரணம்: பேத்தி காதுகுத்து, மூன்று லட்டு.

அதற்கும் கீழே, கடைசியில், புதிதாக ஒரு கட்டம். பூ: ஆம்.